மேயர் வீட்டு அன்னாசி

பிரேசிலில் தீராத தலைவலிக்கு அன்னாசி என்று பெயர். அதைத் தீர்த்துவைப்பவர் அன்னாசியைச் சீவுகிறார் என்போம். எங்கள் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜுராந்தீர் காலையிலேயே என் செடிக்கூடத்துக்கு வந்து நின்றார்.

"ஜெனைடி, உனக்கு ஒரு அன்னாசி இருக்கு."

"போன வாரத்து அன்னாசியையே இன்னும் சீவி முடிக்கல, சார்."

மேயர் தன் வீட்டு வாசலில் வரிசையாகப் புரோமிலியா நட்டிருந்தார். அன்னாசியின் நெருங்கிய சொந்தம் அது. சிவப்பாகப் பூத்த கையோடு எல்லாம் வாட ஆரம்பிக்கவே, எதிர்க்கட்சிக்காரன் விஷம் ஊற்றிவிட்டான் என்று மேயர் கத்திக்கொண்டிருந்தாராம்.

"யாரும் ஒண்ணும் ஊத்தல. அந்தக் குடும்பமே அப்படித்தான். ஒரு தடவை பூக்கும், அடியில கன்னு விடும், தாய்ச்செடி போயிடும். நடும்போதே சொன்னேன்."

"இதை மேயர்கிட்ட யாரு சொல்றது? ஏதாவது மருந்து பாரு."

"பூத்து முடிச்சதுக்கு ஏது சார் மருந்து?"

"எப்படியாவது நீதான் சீவணும். உன்னை விட்டா யாரு இருக்கா?"

இதைச் சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் என் தலையில் கட்டுகிறார். எனக்கு இடுப்பு வலித்தது. கையுறையைக் கழற்றி மேசையில் போட்டேன்.

"அன்னாசிச் செடியைக்கூட ஒரு பழத்தோட விட்டுடுறாங்க, சார்."

அவர் கோபப்படவில்லை.

"அதுக்கு அடியில கன்னு இருக்கு, ஜெனைடி. உன் இடத்துக்கு ஆள் போட அனுமதி இல்ல."

கையுறையை மறுபடியும் மாட்டிக்கொண்டேன்.