நூற்றில் பதின்மூன்று

நத்தம் சாலையில் ஒரு ஏக்கர் மாந்தோப்பு. அத்தா மவுத்தான பிறகு அதைப் பிரித்துக்கொள்ள மூன்று அண்ணன்மாரும் ஒரு தங்கையும் திண்டுக்கல்லில் பத்திரம் எழுதும் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. ஆக, ஏழில் ஒரு பங்கு ஜீனத்துக்கு. கணக்கு டீச்சருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் மனமெல்லாம் கிணற்றில்தான் இருந்தது. கிழக்கோரத்திலிருந்து ஏழில் ஒன்றை அளந்தால் கிணறு அவள் பக்கம் விழும், அதுவும் மயிரிழையில்.

ஆனால் பத்திரத் தாளில் அவள் பங்கு 0.13 என்று இருந்தது.

"ஏழுல ஒண்ணுன்னா பாயிண்ட் ஒண்ணு நாலு ரெண்டுன்னுல்ல போகணும்?" என்றாள்.

டைப் அடித்த வினிதா எழுந்து நின்றாள். ஏழாம் வகுப்பில் ஜீனத்திடம் படித்தவள். "ரெண்டு இலக்கந்தான் டீச்சர் போடுவோம். அண்ணன்மாருக்கு ஆளுக்கு 0.29. உங்களுக்கு 0.14 போட்டா மொத்தம் ஒண்ணத் தாண்டிருது. அதான் உங்க பங்குல குறைச்சிரச் சொன்னாங்க."

சொன்னவர் மூத்தவர் அப்துல் ஜப்பார். பக்கத்துப் பங்கு அவருடையது. பள்ளியில் கணக்கில் மூன்று முறை கோட்டை விட்டவருக்கு, கிணறு எந்த ஒரு சென்ட்டில் இருக்கிறது என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

"பின்னத்துல எழுதும்மா."

வினிதா உடனே மாற்றிக் காட்டினாள். 13/100. "இதுக்கு மேல சுருக்க முடியாது டீச்சர், பதிமூணு பகா எண். சரிதான?"

சரிதான். நூற்றுக்கு நூறு போடலாம். தப்பான எண்ணைத் துளி தப்பில்லாமல் மாற்றியிருக்கிறாள், அந்த வித்தையைச் சொல்லித்தந்ததும் ஜீனத்தேதான்.

"ஒங்கிட்ட படிச்ச பிள்ளையே கணக்குப் போட்டுக் காட்டிருச்சு, இன்னும் என்ன?" என்றார் அப்துல் ஜப்பார். மற்ற இருவரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோர்ட்டு கேஸ் என்று இறங்கினால் மகள் நிக்காஹ்வுக்கு வந்து நிற்க மூன்று மாமன்மாரில் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். ஜீனத் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் வைத்து மூத்தவரிடம் கேட்டாள். "தண்ணிதானண்ணே வேணும்? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"கேட்டா, ஒங்கிட்ட வாங்குனதா ஆயிரும்ல."