அறுபது பல் பிளேடு

கடலூர் முதுநகரில் உள்ள ஹார்டுவேர் கடையில் சிந்துஜாவுக்கு வேலை. அன்று காலை நல்ல கூட்டம். தேவசகாயம் என்பவர் கையில் பிடித்து அறுக்கும் ஏழு இஞ்ச் ரம்ப மெஷினுக்கு பிளேடு கேட்டார். கனம் காட்ட ஒரு மரத்துண்டும் கொண்டுவந்திருந்தார்.

"சிதம்பரத்துல மெஸ் வச்சிருக்கேம்மா. பெஞ்சு செய்யணும். ஓரம் பிசிறில்லாம வரணும்."

அறுபது பல் பிளேடை எடுத்துக் கொடுத்தாள். என்ன மரம் என்று கேட்கவில்லை.

அவர் மறந்துவிட்டுப் போன துண்டைப் பதினொரு மணிக்குத்தான் கையில் எடுத்தாள். நீலப் பெயின்ட் உதிர்ந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே கறுப்பாய் ஓர் ஆணித்தலை. பழைய படகுப் பலகை! அந்த பிளேடோ பிளைவுட்டுக்கானது. அதன் பொடிப் பற்கள் ஆணியில் பட்டால் தெறிக்கும்.

பில்லில் இருந்த நம்பருக்கு நான்கு முறை அடித்தாள். எடுக்கவில்லை. மெஷின் ஓடுகிறது, அதனால்தான் காதில் விழவில்லை என்று தோன்றியது.

"வித்த பொருளுக்குப் பின்னாடியே ஓடுவியா? சாயங்காலம் பேசிக்க," என்றார் முதலாளி ராஜமாணிக்கம்.

"சாயங்காலம் வரைக்கும் அவரு கண்ணு நல்லா இருக்கணுமே மொதலாளி."

ஆணி உள்ள மரத்துக்கென்று வரும் இருபத்துநான்கு பல் பிளேடையும், கண்ணுக்குப் போடும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியையும், ஒரு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். செம்மங்குப்பத்தில் கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைத்து நின்றன. உட்கார இடமிருந்தும் அவளால் உட்கார முடியவில்லை.

"நீ நின்னா மட்டும் பஸ் சீக்கிரம் போயிருமா?" என்றார் கண்டக்டர்.

பில்லில் இருந்த விலாசத்தை விசாரித்து, மெஸ் இருந்த தெருவுக்குள் நுழையும்போதே மெஷின் சத்தம் கேட்டது. பின்கட்டுக்கு ஓடினாள். கத்திக் கூப்பிட்டும் தேவசகாயம் திரும்பவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"யாரும்மா அது? கடைப் பொண்ணா?"

"பலகைல ஆணி இருக்குண்ணே!"

"எல்லாம் புடுங்கிட்டனே. மூணு பலகை அறுத்தாச்சு, ஒண்ணும் ஆவல. இந்த நாலாவதுதான் கொஞ்சம் இழுக்குது."

பிளேடைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தாள். மூன்று பற்கள் இல்லை.

"அதெல்லாம் எங்கண்ணே போச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி அவர் மனைவி ஜெயராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து தண்ணீர் நூலாக ஒழுகியது.

"புது டிரம்மு, இப்பதான் ஒழுக ஆரம்பிச்சுது," என்றபடி ஜெயராணி திரும்பினாள். பிளேடு பல் அளவுக்கே இருந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தவள் கையை எடுக்கவே இல்லை. தேவசகாயம் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுதுதான். என்ன மரம்னு நான் கேட்டிருக்கணும்," என்றாள் சிந்துஜா.

"கேட்டிருக்கணும்தான்," என்றாள் ஜெயராணி. பிறகு, "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

காந்தத்தை வைத்துப் பலகைகளைத் தடவியதில் இன்னும் பதினோரு ஆணிகள் அகப்பட்டன. எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். புது பிளேடை மாட்டினார்கள்.

"ஓரம் பிசிறாத்தான் வரும்ணே. உப்புத்தாள் போட்டுத் தேச்சுக்குங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜெயராணி வெங்காயத்தோடு உள்ளே போய்விட்டாள். பாதிப் பலகையில், காந்தத்துக்குத் தப்பிய ஏதோ ஆணியில் பட்டு ஒரு பொறி பறந்தது. பிளேடு நிற்காமல் அறுத்துக்கொண்டு போனது. சிந்துஜா மெஷினை நிறுத்தச் சொல்லி, பிளக்கைப் பிடுங்கிப் பற்களை எண்ணினாள். இருபத்துநான்கும் இருந்தன.

ராஜமாணிக்கம் போன் செய்தார். "எப்பதான் வருவ?"

"இன்னும் ரெண்டு பலகை இருக்கு மொதலாளி," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.