நல்ல காலின் தூரம்

மாதக்கணக்காகக் குதிரைக்கு ஒரே கனவுதான். பந்து தலைக்கு மேலே மிதந்து வரும், அவளும் மிதந்து போவாள், கீழே இறங்குவதே கிடையாது. ஆட்டத்தில் முட்டியின் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவளுக்கு வேறென்ன கனவு வரும், பாவம்! அணியில் அவளுக்குப் பெயர் குதிரை. அந்த ஓட்டத்துக்கு வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அதற்கு முன், காயத்துக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோவின் சோதனையில் தேற வேண்டும். ஒற்றைக் காலில் குதித்து அப்படியே நிற்க வேண்டும். நல்ல கால் தாண்டும் தூரத்தை அறுவை செய்த காலும் ஏறக்குறையத் தாண்டினால் ஆடலாம். இல்லையென்றால் அவள் இடத்தில் தங்கை ஆடுவாள். அவளை அணியில் எல்லோரும் 'சின்னது' என்பார்கள்.

பயிற்சி அறையின் ரப்பர் விரிப்பில் மத்தியான வெயில் பால் மாதிரி கொட்டிக் கிடந்தது. சின்னதுதான் அளக்கும் டேப்பின் நுனியைப் பிடித்திருந்தாள். குதிரை முதலில் நல்ல காலால் குதித்தாள். குதித்தாளா? அடிப்பாவி, ஒரு கோழிகூட இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கும். பிறகு அடிபட்ட காலால் உயிரைக் கொடுத்துத் தாண்டினாள். இரண்டும் சமம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

"பரவாயில்லையே!" என்று சொல்லிவிட்டு, புதிதாக வந்த பிசியோ, கோச்சுக்குப் போன் போட நகர்ந்தாள்.

குதிரைக்கு உடம்பு பஞ்சாகிவிட்டது. ஜன்னல், சுவர், வெளியே தெரிந்த புல் எல்லாம் ஒரே மெல்லிய வெளிச்சமாகக் கரைந்தன. திரும்பிப் பார்த்தால், சின்னது டேப்பைச் சுருட்டாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏண்டி அழற?"

"நல்ல கால்ல நீ பாதிதான் குதிச்ச. நான் பார்த்தேன்."

"அப்போ சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா, உன் எடத்துக்கு ஆசைப்பட்டேன்னு நெனப்ப. சொல்லாம விட்டா, மறுபடியும் நீ 'அம்மா'ன்னு கத்துறத நான் கேக்கணும். என்னால முடியாதுக்கா."

குதிரைக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் வெட்கம். முட்டி போன அன்று மைதானத்தில் அந்த அலறலைப் பக்கத்தில் நின்று கேட்டவள் இவள்தான்.

"பிசியோ, போனை வைங்க. இன்னொரு தடவை குதிக்கிறேன்."

நல்ல காலை ஊன்றி எழும்பினாள். ஆஹா, என்ன எழும்பல்! அறையே மெல்ல அவளுக்குக் கீழே நழுவிப் போனது. இப்படியே இருந்துவிடலாமா என்றிருந்தது. இறங்கினாள், ஆடாமல் நின்றாள். அடிபட்ட கால் தொட்ட இடம் எங்கோ பின்னால் கிடந்தது.

பிசியோவின் முகம் வெளிறிவிட்டது. "ஞாயித்துக்கெழம கெடையாதும்மா," என்றாள்.

"தெரியும்."

அழுகை வந்தது, அழுதாள். யாரிடமும் மறைக்கவில்லை. பிறகு பையிலிருந்து தன் ஆட்டச் சட்டையை எடுத்துத் தங்கையின் தலைவழியே மாட்டிவிட்டாள். அது தொளதொளவென்று தொங்கியது.

"குதிச்சா ரெண்டு முட்டியும் மடங்கி மெதுவா எறங்கணும். உள்பக்கம் சாஞ்சுதோ, உன்னைக் கொன்னுடுவேன்," என்றாள்.