திராட்சை போட்ட சாக்லேட் உருண்டை

கடையில் ஒரு கேக்கை வாங்கி வைத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. ஆனால் போனில் அந்த வாலு கேட்டது கேக் இல்லை. வாலு என்பது என் தம்பியின் மகள். பெயர் வேறு இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"அத்தை, என் பொறந்தநாளுக்கு அப்பா உருட்டின சாக்லேட் உருண்டைதான் வேணும். கடைல வாங்கிட்டு வந்து அப்பா செஞ்சதுன்னு ஏமாத்தக் கூடாது."

"உன்னை ஏமாத்த முடியுமாடி" என்று சிரித்தேன். போனை அவள் அம்மா வாங்கிக்கொண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தில் நின்றுபோன லிஃப்ட்டை இருட்டுக்குள் இறங்கிச் சரிசெய்துவிடுவான். வீட்டுக்கு வரும் வழியில் இருக்கும் கடையைத் தாண்ட மட்டும் முடியாது. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். இவன் பேச்சு விடியும் வரைகூடத் தாங்கியதில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. அவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நானாக இருந்திருந்தால் அதற்கும் முன்பே போயிருப்பேன்.

அவள் போன பிறகுதான் இவனுக்கு உறைத்தது. சிகிச்சைக்குப் போனான், திரும்பி வந்தான், வேலைக்குப் போகிறான், பல மாதமாகத் தொடவில்லை. நான் வேலை பார்ப்பது பல் டாக்டரிடம். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பவள். ஒருவர் வாயைத் திறந்தால் காலையில் என்ன தின்றார் என்று சொல்லிவிடுவேன். தம்பி வரும்போதெல்லாம் சட்டைக் காலரைச் சரிசெய்வது போல மோந்து பார்ப்பேன். அவனுக்கும் தெரியும். பேசாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பான். அதைப் பார்க்கத்தான் வயிறு எரியும்.

அன்றைக்குப் போனில் தம்பி மனைவி சொன்னது இதுதான்:

"அண்ணி, உங்க வீட்டுலயே வச்சுக்கலாம். நான் வர்றேன். பெட்டியும் கொண்டு வர்றேன். அவரப் பாக்குறேன். சரின்னு தோணுச்சுன்னா அப்படியே அவரு கூட எங்க வீட்டுக்குப் போயிடுறேன். ஆனா ஒரு துளி வாசம் வந்தாலும் சரி, கீழ கார்ல எங்க அண்ணன் இருப்பாரு. ஏறிப் போயிட்டே இருப்பேன். அதுக்கப்புறம் யாரும் என்னக் கூப்பிடக் கூடாது."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

முதல் வேலையாக வீட்டைத் துடைத்தெடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் குடிக்கிறவர் இல்லை. ஆனால் எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷர். யார் எது கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ரம் பாட்டில் ஒன்று அலமாரியின் மேல்தட்டில் பாதி கிடந்தது.

"இந்த வீட்டுக்குள்ள ஒரு பாட்டில் இருக்கக் கூடாது. இன்னிக்கே தூக்கிப் போடுங்க" என்றேன்.

"நல்ல சரக்கும்மா" என்றார்.

"நல்ல சரக்குதான் ஒரு குடும்பத்தையே குழில தள்ளுச்சு. போடுங்கன்னா போடுங்க."

அன்று மாலையே குப்பைத்தொட்டியில் காலிப் பாட்டிலை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது.

பிறந்தநாளன்று மதியமே தம்பி வந்துவிட்டான். நன்றாகச் சவரம் செய்த முகம். நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் போக எதைப் போட்டுத் தேய்த்தானோ, விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

அடுப்பில் சுட வேண்டிய பண்டம் இல்லை இது. பிஸ்கட்டைக் கவரில் போட்டு டம்ளரின் அடியால் நசுக்க வேண்டும். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதன்மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டையும் வெண்ணெயையும் உருக்க வேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து மண்ணாங்கட்டி ஆகிவிடும். கரண்டியைக்கூட ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் விடுவோம். அதில் டின் பாலை ஊற்றி, பிஸ்கட் தூளைக் கொட்டிப் பிசைந்து, கையில் வெண்ணெய் தொட்டு உருட்டி, தேங்காய்த் தூளில் புரட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. சின்னப் பிள்ளைகூடச் செய்யும். ஆனால் சீக்கிரம் உருட்ட வேண்டும். உள்ளங்கைச் சூட்டில் இளகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

தம்பி உருட்டத் தொடங்கினான். உருண்டை உருளாமல் கோணிக்கொண்டு போனது.

"என்னடா, லிஃப்ட் நட்டுன்னு நெனச்சு முறுக்குறியா?"

"அக்கா, அவ வருவாளா?"

"வர்றேன்னு சொன்னா வருவா. அவ என்ன உன்ன மாதிரியா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கோபப்படவில்லை. "அது சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தான். அது ஒழுங்காக உருண்டது.

ஒரு பெரிய தட்டு நிறைந்தது. அதற்குள் மாடியிலும் கீழேயும் இருக்கும் பிள்ளைகளெல்லாம் வரப்போவதாகச் செய்தி வந்துவிட்டது. இவ்வளவு போதாது. நான் குளிக்கவில்லை, பலூன் வாங்கவில்லை. தம்பியைப் பலூனுக்கு அனுப்பினேன்.

"நீ போய்க் குளிம்மா. இன்னொரு தட்டு நான் போடுறேன். பாத்துட்டுத்தான இருந்தேன்" என்றார் வீட்டுக்காரர். கல்யாணமானதிலிருந்து சமையலறையில் ஒரு டம்ளரை நகர்த்தாதவர். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டாவது தட்டும் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒவ்வொன்றும். அங்கங்கே திராட்சை துருத்திக்கொண்டு நின்றது.

"திராட்சை எல்லாம் போட்டிருக்கீங்க?"

"வீட்டுல இருந்துச்சு. சும்மா கெடக்குதேன்னு போட்டேன்" என்றார், பரீட்சையில் பாஸானவர் மாதிரி.

மாலையில் அவர்கள் வந்தார்கள். வாலு வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடி, அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றான். தம்பி மனைவி தோளில் பையோடு சன்னலோரம் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சன்னலிலிருந்து பார்த்தால் கீழே அவள் அண்ணனின் கார் தெரியும்.

தம்பி ஜூஸ் கொண்டுபோய்க் கொடுத்தான். டம்ளரை வாங்கும் சாக்கில் அவள் ஓரடி முன்னால் வந்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? நானும் அதே வேலையைத்தானே மாதக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். அவளுக்கு எந்த வாசமும் வரவில்லை. நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. "இளைச்சுட்டீங்க" என்று அவனிடம் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவள் காலில்கூட விழுந்திருப்பேன்.

முதல் தட்டைப் பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் காலி செய்துவிட்டார்கள். வீட்டுக்காரர் இரண்டாவது தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாலு எல்லாரையும் தள்ளிவிட்டு முதல் உருண்டையை எடுத்தாள்.

"இது அப்பாவுக்கு. அப்பா, ஆ காட்டுங்க!"

அவன் முழங்காலிட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தான். குழந்தை அந்தப் பெரிய உருண்டையை முழுசாக உள்ளே திணித்தாள். எல்லாரும் சிரித்தோம். அவள் அம்மாவும் சிரித்தாள்.

அவன் கடித்தான். கடித்த இடத்திலேயே நின்றுவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை. ஃபிரிட்ஜுக் குளிரில் வாசம் அடங்கிக் கிடந்திருக்கிறது. வாய்ச் சூடு பட்டதும் எழும்பிவிட்டது. அவன் கண் என்னைத் தேடியது. எனக்குப் புரிந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அது என் வீட்டுக் கூடத்தில், என் கண்முன்னால் நடந்தது.

அப்போது அவன் தாடை ஒருமுறை அசைந்தது. ஒரே ஒருமுறை. நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்கக் கூடாதே கடவுளே என்று நினைத்தேன்.

அடுத்த நொடி அவன் உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் எல்லாவற்றையும் துப்பினான்.

"அப்பா, நல்லா இல்லையா?" வாலுவின் உதடு பிதுங்கியது.

"நல்லாருக்குடா கண்ணு. அப்பாவுக்குத்தான் ஆகாது" என்றான். எழுந்து, குளியலறைப் பக்கம் போகாமல், நேராக மனைவியிடம் போய்க் கையை நீட்டினான். "இதுல இருக்கு. நான் போடல. மோந்து பாரு."

அவள் அவன் கையை மோந்தாள். அவன் வாயருகிலும் வந்து மோந்தாள். நான் தட்டை வீட்டுக்காரர் கையிலிருந்து பிடுங்கி, பிள்ளைகள் யாரும் தொடுவதற்குள் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

"என்னத்தப் போட்டீங்க?" என்று கத்தினேன்.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "பாட்டில் இருக்கக் கூடாதுன்னுதான சொன்ன. பாட்டில நான் போட்டுட்டேன். உள்ள இருந்தத... வீணாப் போகுதேன்னு திராட்சைல ஊத்தி வச்சேன். பொங்குற தண்ணி மேல வச்சு உருக்குறோமே, அதெல்லாம் ஆவியாப் போயிடும்னு..."

"திராட்சைய உருக்கினீங்களா? அணைச்சப்புறம்தானே போட்டீங்க? அறிவு இருக்கா உங்களுக்கு? உங்க கஞ்சத்தனத்துல கொள்ளிய வைக்க!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நழுவின. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மாப்ள, மன்னிச்சிருப்பா" என்றார். தம்பி அவரைப் பார்க்கவே இல்லை. கையில் அந்தக் குழைந்த சாக்லேட்டை அப்படியே ஏந்திக்கொண்டு மனைவியின் முன்னால் நின்றான்.

"கேட்டியாம்மா? இவன் மேல ஒரு தப்பும் இல்ல. வாயில வச்ச ஒடனே துப்பிட்டான்" என்றேன் நான்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஒடனே துப்பல அண்ணி" என்றாள். பிறகு அவனிடம் கேட்டாள்: "என்னன்னு தெரிஞ்சப்புறம் மென்னீங்களா?"

கீழே காரின் ஹார்ன் ஒருமுறை கேட்டது. இல்லை என்று சொல்லடா, ஒரு வார்த்தைதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசுக்குள் அவனைப் பிடித்து உலுக்கினேன். எத்தனை ராத்திரி இவளிடம் கூசாமல் இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறான். இன்றைக்கு ஒரு முறை சொன்னால் என்ன? அவன் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"ஆமா" என்றான் தம்பி.

அவள் அசையவில்லை.

"தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் ஒருதடவ மென்னேன். முழுங்கிடலாம்னு தோணுச்சு. பாப்பா கொடுத்ததுதான, யாரும் கேக்க மாட்டாங்கன்னு தோணுச்சு. அப்புறம்தான் துப்பினேன்." கண்ணீர் மூக்கு வரை வழிந்தது. அவன் துடைக்கவில்லை. "நீ கெளம்பறதுன்னா கெளம்பு. நான் தடுக்க மாட்டேன்."

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். முடிந்தது என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

"அண்ணே, பெட்டிய மேல கொண்டு வந்து வச்சிட்டு நீ கெளம்புண்ணே. ஆமா. யோசிச்சுத்தான் சொல்றேன்" என்றாள் போனில். வைத்துவிட்டு, முந்தானையால் அவன் கையில் இருந்ததை வழித்தெடுத்தாள்.

"இத்தன வருஷத்துல நான் கேட்டு நீங்க ஆமான்னு சொன்னது இதுதான் முதல் தடவ" என்றாள். "போய் வாயக் கொப்பளிச்சிட்டு வாங்க. கதவ மூடாதீங்க."

அவன் போனான். வாஷ்பேசின் முன்னால் குனிந்து மறுபடி மறுபடி கொப்பளித்தான். அவள் குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு நடுவில் புகுந்து அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டக் கூட்டி எத்தன நாளாச்சு?" என்று கேட்டாள் அவள் அம்மா.

"தெனமும் கூட்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "ஒரு வாரம் இருக்கும்."

"சரி. போனதும் நான் கூட்டிக்கிறேன்" என்றாள்.