சலூன்காரரின் பென்சில் பின்னல்

சிகரெட்டை விட்ட நாளிலிருந்து சலூன்காரருக்குக் கை சும்மா இருக்க மறுத்தது. கடையில் இருக்கும்வரை கத்தரியும் சீப்பும் காப்பாற்றின. வீட்டுக்கு வந்தால் போதும், கை சட்டைப்பையைத் துழாவும். விடுவதும் பிடிப்பதும் அவருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை இருமலில் ரத்தம் வந்திருந்தது. மனைவி அழுதே விட்டாள்.

அக்கா அழுவதைப் பார்க்கச் சகிக்காத மச்சினி, அவர் கைக்கு வேலை கொடுக்க ஒரு உல்லன் நூல்கண்டும் இரண்டு பென்சிலுமாக வந்து இறங்கினாள்.

“பின்னுறதுக்கு ஊசி எங்கம்மா?”

“உங்க வைராக்கியம் எத்தனை நாளைக்குன்னே தெரியல, அதுக்குள்ள ஊசி கேக்குதா மாமா? மொதல்ல பென்சில்ல பின்னுங்க.”

முனைகளைத் தரையில் தேய்த்து மழுக்கினாள். கண்ணிகள் கழன்று விழாமலிருக்கப் பின்பக்கம் ரப்பர் பேண்டைச் சுற்றினாள். கண்ணிக்குள் பென்சிலை நுழைத்து, நூலைச் சுற்றி, வெளியே இழுத்து, பழைய கண்ணியை நழுவவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஊருக்கெல்லாம் கிருதா சரிபார்க்கும் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

“நாக்கை உள்ள போடுங்க மாமா. அது பின்னாது.”

சாயங்காலத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ ஒன்று வளர்ந்திருந்தது. நம் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கிப் பிடித்து அழகு பார்த்தார். நடுவில் ஒரு கண்ணி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. துருத்திக்கொண்டிருப்பதை வெட்டித்தானே அவருக்குப் பழக்கம்? கத்தரியை எடுத்து ‘நறுக்’கென்று ஒரு வெட்டு வெட்டினார்.

மச்சினி “ஐயோ!” என்பதற்குள் சுற்றியிருந்த கண்ணிகளும் பிரிந்து, பின்னல் நடுவே பெரிய ஓட்டை விழுந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சலூன்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“போதும் உன் விளையாட்டு!”

விடுவிடுவென்று வெளியே போனார். பக்கத்து வீட்டைத் தாண்டினால் பெட்டிக்கடை. “ஒண்ணு குடுப்பா” என்று கையை நீட்டினார்.

நீட்டிய கையில் பென்சிலும் ஓட்டைப் பின்னலும் தொங்கின.

“என்னண்ணே, மீன் பிடிக்கக் கெளம்பிட்டீங்களா?” என்றார் கடைக்காரர்.

அப்போது நூல் லேசாக இழுபட்டது. திரும்பிப் பார்த்தார். நூல் தெருவோரமாகவே போய் அவர் வீட்டு வாசலில் முடிந்தது. அங்கே மனைவி நின்றிருந்தாள். தரையில் கிடந்த நூலை அறுந்துவிடாமல் மெதுவாகக் கண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். பயத்தில் முகம் வெளுத்திருந்தது.

“இந்தாங்கண்ணே” என்று கடைக்காரர் சிகரெட்டை நீட்டினார்.

பொய் சொல்வானேன், அதைப் பார்த்ததும் சலூன்காரருக்கு உயிரே போய்விடும்போலத்தான் இருந்தது.

“வேணாம்பா. வீட்ல பயந்து போய் நிக்கிறா.”

மனைவி சுற்றச் சுற்ற, நூல் இறுகிவிடாமல் பார்த்துக்கொண்டு, அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.