பேசிய நேரம் பூஜ்யம்

நிராகரிப்புக் கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். வக்கீலம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு மூன்றாவது பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"இந்த போன் லிஸ்டை யார் சேர்க்கச் சொன்னது?"

"நானாத்தான் சேர்த்தேன் மேடம். போன் கம்பெனிக்கு மூணு தடவை அலைஞ்சு வாங்கினேன். நூத்திப் பதினாலு பக்கம்."

சொன்னவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் தட்டு கழுவும் மெஷினில் வேலை பார்ப்பவர். வக்கீலம்மாவின் அலுவலகத்தில் ஒரே பெயரில் ஏழெட்டுக் கோப்புகள் இருந்ததால் எல்லோருக்கும் தொழிலை வைத்துத்தான் அடையாளம். கிரேன்காரர், நர்சம்மா, முடிவெட்டுபவர். இவர் தட்டுக்காரர். கல்யாணமாகி நான்கு வருடம். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம். மனைவியை வரவழைக்கத் தானே படிவம் நிரப்பி விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார். போன வாரம் முடியாது என்று பதில் வந்துவிட்டது.

கோடு போட்ட பத்தியை வக்கீலம்மா தமிழில் சொன்னார். "மூணு வருஷத்துல மூவாயிரத்து இருநூத்திப் பத்து அழைப்பு. பேசிய நேரம் பூஜ்யம். இவங்க கணவன் மனைவியாத் தொடர்புல இருக்காங்கன்னு நம்ப முடியல. இதான் அதிகாரி எழுதியிருக்கறது."

"அதான் எனக்குப் புரியல மேடம். மூவாயிரம் தடவை கூப்பிட்டிருக்கேன்னு அவங்களே எழுதறாங்க. அப்புறம் தொடர்பு இல்லேங்கறாங்க."

"ஒரு தடவைகூடப் பேசலையே."

"மிஸ்டு கால்ல யாராவது பேசுவாங்களா மேடம்?"

வக்கீலம்மா பென்சிலை வைத்துவிட்டார். மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்தத் தெரிந்தவர்களிடம் வளர்ந்தவர் அவர். அதனால் உடனே விளங்கியது. விளக்கம் ஒரு வரிகூட எழுதாமல், பூஜ்யம் பூஜ்யம் என்று நூற்றுப்பதினாலு பக்கம் நிறைந்திருந்த தாள்களை இந்த மனிதர் பெருமையாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். பார்த்தவுடன் உலகத்துக்கே புரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

விஷயம் எளிமையானது. மனைவிக்குத் துணி தைக்கும் ஆலையில் வேலை. இவருடைய மதியம் அவளுக்குச் சாயங்காலம். அப்போது கம்பெனி பஸ்ஸில் நெருக்கியடித்து நின்றுகொண்டிருப்பாள். இவர் வேலை முடிந்து அறைக்கு வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஆகவே எழுந்தவுடன் ஒரு ரிங். மதியம் சாப்பிட்டவுடன் இரண்டு ரிங். படுக்கும் முன் ஒரு ரிங்; அதை அவள் காலையில் எழுந்து பார்த்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணியின் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள்.

"அண்ணி போன்ல அது பதிவாகியிருக்குமே?"

"என் போன்ல இடம் இல்லாம பழசெல்லாம் அழிச்சுட்டேன் மேடம். அவங்க போன் போன மாசம் தண்ணித் தொட்டியில விழுந்துடுச்சு. அண்ணனே அரிசிக்குள்ள புதைச்சு வச்சுப் பார்த்தார். பிழைக்கல. இப்போ வேற போன் வாங்கியிருக்காங்க."

வக்கீலம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அன்று புதன். வரும் திங்கட்கிழமை முதல் விதி மாறுகிறது. ஆஸ்பத்திரி உதவி வேலைகளில் இருப்பவர்கள் இனிமேல் குடும்பத்தை வரவழைக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பதிவாகும் விண்ணப்பங்களுக்கு மட்டும் பழைய விதி. அதற்குப் பிறகு இவர் மனைவிக்கு வழியே இல்லை.

"புதுசா விண்ணப்பம் போட்டுடலாம். அதுக்கு ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு வாக்குமூலம் எழுதணும்," என்றார். "எந்த ரிங்குக்கு என்ன அர்த்தம், எப்போ வரும், எல்லாம். நீங்க இங்கயே உட்கார்ந்து எழுதுங்க. அவங்க எழுதினதை அண்ணி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும். நடுவுல நீங்க பேசிக்கக் கூடாது."

"ஒரு வார்த்தை சொல்லிட்டா அவளும் சரியா எழுதுவா மேடம்."

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன். சொல்லிக்கொடுத்து எழுதினது ரெண்டும் அச்சடிச்ச மாதிரி இருக்கும். அதிகாரி மூக்கைச் சுளிப்பார். உண்மையை எழுதச் சொல்லுங்க, போதும். மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்குவார்."

தட்டுக்காரர் வெயிட்டிங் அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மனைவியின் வாக்குமூலம் வியாழன் காலை வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு பக்கம். வக்கீலம்மா மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"மதியம் இரண்டு ரிங் வந்தால் சாப்பிட்டார் என்று அர்த்தம். அவர் ஊர் நேரப்படி பன்னிரண்டே முக்காலுக்கு வரும். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே வந்துவிடும். பன்னிரண்டரைக்கு முன்னால் வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த இரண்டு நாளும் அவர் சாப்பிடுவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. மறைக்கிறார் என்றால் நல்ல காரணமாகத்தான் இருக்கும். நானும் அந்த இரண்டு நாள் இரவு சாப்பிடுவதில்லை."

வக்கீலம்மா நூற்றுப்பதினாலு பக்கத்தையும் எடுத்து மேஜைமேல் பரப்பினார். ஸ்கேலை வைத்துச் செவ்வாயையும் வெள்ளியையும் தேடினார். 11:54. 11:52. 11:56. மற்ற நாட்களில் 12:44, 12:47. மூன்று வருடம், ஒரு வாரம்கூட மாறவில்லை. எந்தப் பட்டியலை வைத்து அதிகாரி நம்ப மறுத்தாரோ, அதே பட்டியல் அந்தப் பெண் எழுதியதற்குச் சாட்சி சொன்னது. கடல் தாண்டி இருக்கும் ஒருத்தி தன் கணவனின் மதியத்தை நிமிடக் கணக்கில் அறிந்து வைத்திருந்தாள்.

ஆனால் ஒரு சிக்கலும் இருந்தது. "இரண்டு ரிங் என்றால் சாப்பிட்டேன்" என்று தட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் பக்கத்திலேயே கிடந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்தார். மனைவியின் தாளைப் படித்தார். படித்து முடித்தும் தலை நிமிரவில்லை.

"இவளுக்குத் தெரியுமா," என்றார்.

"சமையல்கட்டுலயே வேலை பார்த்துக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் பட்டினியா?"

"அந்த வரியை எடுத்துடுங்க மேடம். படிச்சா என்னைப் பொய்யன்னுதானே நினைப்பாங்க."

"எடுக்க முடியாது. அவங்க எழுதினதுல உயிர் இருக்கறதே அந்த வரியிலதான். உங்க தாளைத்தான் திருத்தணும். செவ்வாய், வெள்ளி சாப்பிடறதில்லைன்னு நீங்களே எழுதணும். ஏன்னும் எழுதணும்."

அவர் தொப்பியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு சொன்னார்.

இவர் ஒரு முனையில் தட்டுகளை உள்ளே தள்ளும் மெஷினின் மறுமுனையில், கழுவியதை வெளியே எடுக்கும் ஒரு அக்கா. அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் பழுது. அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். பன்னிரண்டு மணிக்கு ஊசியைக் கழற்றும்போது தலை சுற்றிக் கீழே விழுந்துவிடுவார். கூட ஒருவர் இருக்க வேண்டும். அக்கா மாடிக்குப் போய்வரும் முக்கால் மணி நேரமும் மெஷினின் இரண்டு முனையையும் இவர் ஒருவரே பார்த்துக்கொள்வார். அதற்குள் இவருடைய சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும்.

"சாப்பிடலைன்னு சொன்னா அவ வருத்தப்படுவா. அதான் அக்கா மேல போறதுக்கு முன்னாடியே ரெண்டு ரிங் கொடுத்துடுவேன்."

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"தெரியாது. மெஷினை விட்டுட்டு யாரும் நகரக் கூடாது. தெரிஞ்சா அக்காவுக்கு வேலை போயிடும். அவங்க சம்பளத்துலதான் குடும்பமே. வேண்டாம் மேடம். அக்கா பேச்சே இதுல வர வேண்டாம். விசா வராட்டியும் பரவாயில்லை."



சட்டப்படி வக்கீலம்மா அவரை வற்புறுத்த முடியாது. அந்த வரி இல்லாமல் அனுப்பினால் பொய்யான தாளை அனுப்புவதாகும். அனுப்பாமல் விட்டால் கதவு அடைபடும்.

"அந்த அக்காகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா சரின்னுதான் சொல்வாங்க. அதனாலதான் கேட்கலை."

"இது நல்லா இருக்கே," என்றார் வக்கீலம்மா. "நல்லது செய்யற உரிமை உங்களுக்கு மட்டும்தானா? மூணு வருஷமா உங்க சோத்தை அவங்களுக்காக விட்டுக்கொடுத்தீங்க. அவங்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்க. வேண்டாம்னு அவங்க சொன்னா, சத்தியமா நான் ஒரு வரி எழுத மாட்டேன்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து கையுறையை மாட்டும்போது, தட்டுக்காரர் மெஷின் சத்தத்துக்கு நடுவில் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே, "வேண்டாம்னா விட்டுடலாம் அக்கா, ஒண்ணும் அவசரம் இல்லை," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"எப்போ கடைசி நாள்?"

"இன்னிக்கு நாலு மணி."

"இதான் உன் ஊர்ல அவசரம் இல்லையா," என்றாள் அக்கா. "ரெண்டு நாளா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியறியேன்னு பார்த்தேன். பெண்டாட்டியோட சண்டைன்னு நினைச்சேன். ஏன்டா, சாப்பிட்டாச்சுன்னு என்கிட்டயும் சொல்லுவியே. அதுவும் பொய்தானா?"

அவர் தட்டுகளை அடுக்கினார்.

அக்கா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரமான ஏப்ரனோடு மேனேஜர் அறைக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜர் எழுந்து நிற்பதும் கையை ஆட்டுவதும் தெரிந்தன. பத்து நிமிடம் திட்டினார். மூன்று வருடமாக ஒரு ஆள் இரண்டு முனையையும் ஓட்டியிருக்கிறான், அவன் கை உள்ளே மாட்டியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அக்காவும் அதை ஒப்புக்கொண்டாள். பிறகு, "திட்டறதைத் திங்கட்கிழமைக்கு மிச்சம் வச்சுக்குங்க சார். இப்போ ஒரு லெட்டர் வேணும்," என்றாள்.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் புருஷனுக்கு என்ன வியாதி என்று அப்போதுதான் கேட்டார். பதிலைக் கேட்டதும், "இதை மூணு வருஷம் முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். நாம் ஒருவரைக் கண்டு ஒருவர் எவ்வளவு பயந்து வாழ்கிறோம் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கதவைத் தட்டிப் பார்க்காமலே, உள்ளே இருப்பவர் கடுமையானவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மூன்றேகாலுக்கு இருவரும் வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். ஆஸ்பத்திரி முத்திரையோடு மேனேஜரின் கடிதம் இருந்தது. அடுத்த வாரம் முதல் செவ்வாயும் வெள்ளியும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு வேறு ஆள் போடப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. டயாலிசிஸ் பிரிவின் வருகை அட்டையையும் அக்கா கொண்டுவந்திருந்தாள். அதன் தேதிகள் போன் பட்டியலோடு ஒன்றுவிடாமல் பொருந்தின. தட்டுக்காரர் தன் தாளைத் திருத்தி எழுதினார். அக்கா நின்றபடியே ஒரு பக்கம் எழுதினாள். வக்கீலம்மா எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றி, பொத்தானை அழுத்தும் முன் ஒரு நொடி கண்ணை மூடினார். மூன்று ஐம்பத்தொன்றுக்குப் பதிவு எண் வந்தது.

"சாமி கும்பிட்டீங்களா மேடம்?" என்றாள் அக்கா.

"இன்டர்நெட் போகாம இருக்கணுமே."

ஐந்து வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, அதிகாரி மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு மனைவியைத் தொலைபேசியில் விசாரித்தார். தேதியை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவள் ஆலையில் அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டில் காத்திருந்தாள். இருபது நிமிடம் கேள்விகள். கல்யாணத் தேதி, மாமியார் வீடு, கணவனின் வேலை. கடைசியில் அதிகாரி கேட்டார்:

"இன்று வெள்ளிக்கிழமை. இன்று உங்கள் கணவர் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்," என்றாள் அவள்.

"வெள்ளிக்கிழமை சாப்பிடமாட்டார் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?"

"அது அப்போ. இப்போ ஒரு மாசமா வெள்ளிக்கிழமையும் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் ரிங் வருது. என்ன மாறிச்சுன்னு அவர் சொல்லலை, நானும் கேட்கலை. ஆனா சாப்பிடறார். அதனால நானும் சாப்பிடறேன்."

மறுமுனையில் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டதாக அவள் பிற்பாடு அண்ணியிடம் சொன்னாளாம். அது உண்மையானால், மாற்று ஆள் போடுவதாகச் சொன்ன மேனேஜரின் கடிதமாகத்தான் இருந்திருக்கும். பன்னிரண்டாம் நாள் விசா வந்தது. அனுமதிக் கடிதத்தில் ரிங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "உறவு உண்மையானது" என்ற ஒரு வரிதான் இருந்தது.

விமானம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இறங்குகிறது என்று தெரிந்ததும், தட்டுக்காரர் அரை நாள் விடுப்புக் கேட்க மேனேஜர் அறைக்குப் போனார். விடுப்புச் சீட்டை நீட்டி, "மெஷினை யார் பார்ப்பாங்க சார்னு..." என்று ஆரம்பித்தார். மேனேஜர் நிமிராமல் பேனாவால் சுவரைக் காட்டினார். அங்கே தொங்கிய டியூட்டிப் பலகையில், செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், அவர் பெயரை அடித்துவிட்டு யாரோ அக்காவின் பெயரை எழுதியிருந்தார்கள். அரை நாளுக்கு அல்ல, முழு நாளுக்கு; அக்காவின் முனைக்கு மாற்று ஆள் போட்டிருந்தது. அன்று அவள் புருஷனோடு மாடியில் இருக்க அவளுடைய நாத்தனார் வருவதாகவும் ஏற்பாடாகியிருந்தது.