இரண்டாவது வாத்தியார்

சீனுவாசன் அன்று காலை எத்தனையாவது தடவையாகவோ பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து வண்டிப்பாதையைப் பார்த்தார். திண்டிவனத்திலிருந்து வர வேண்டிய இன்ஸ்பெக்டரின் ஜட்கா இன்னும் கண்ணில் படவில்லை. உள்ளே ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கச் சுவரோரம், தலையில் எண்ணெய் வழிய, சேரிப் பிள்ளைகள் ஏழு பேர். அவர்கள் உள்ளே உட்காருவது அன்றுதான் முதல் தடவை. மற்ற நாளெல்லாம் வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வருகிற பாடத்தைக் கேட்டுக்கொள்வார்கள். எழுதிய சிலேட்டைத் தூக்கிக் காட்டினால் வாத்தியார் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து தலையாட்டுவார். இதற்குப் பேர் படிப்பு என்று தானும் நம்பி, சர்க்காரையும் நம்பவைத்து இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார்.

ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினால் நான்காம் வகுப்பில் ஒருவன் மண்டை வீங்கியிருக்கும். இரண்டாவது வாத்தியாருக்குச் சர்க்கார் கிராண்டு தர வேண்டுமென்றால் சேரிப் பிள்ளைகளையும் சேர்த்தால்தான் தலைக்கணக்கு தேறும். அவர்களை ஊர்ப் பிள்ளைகளோடு உள்ளே உட்காரவைக்காவிட்டால் இப்போது வருகிற கிராண்டும் நின்றுபோகும் என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டாவது வாத்தியார் யார் என்பது அவர் மனசில் எப்போதோ முடிவாகிவிட்டது. அவருடைய மனைவி ஜெயம்தான். வாத்தியார் டிரெயினிங் முடித்துவிட்டு விழுப்புரத்தில் அப்பா வீட்டில் இருந்தாள். இவருடைய சம்பளத்தில் தனிக்குடித்தனம் வைக்க வழியில்லாமல், கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையாகவே ரயிலேறிப் போய்வந்துகொண்டிருந்தார். போகிறபோதெல்லாம் மாமனார் ஊர் நிலவரம் விசாரிப்பார். மகளை எப்போது கூட்டிப்போவாய் என்று மட்டும் கேட்க மாட்டார். அவர் கேட்காததுதான் இவரை அரித்தது.

பள்ளிக்கூடம் நடந்த கொட்டகை பெரிய வீட்டுச் சின்னதுரையுடையது. மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கிவந்த இடம். இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு மட்டும் சேரிப் பிள்ளைகளை உள்ளே விட வேண்டும் என்று சீனுவாசன் போய்க் கேட்டபோது அவர், ஒரு நாளைக்குத்தான், மறுநாள் சாணி தெளித்துக் கழுவிவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். சீனுவாசன் அதற்கும் தலையாட்டினார். சேரிக்குப் போய்ப் பெற்றவர்களிடம் சொல்ல அவர் போகவில்லை. மரத்தடியிலேயே பிள்ளைகளிடம், நாளைக்கு உள்ளே உட்காரலாம், குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஒரு நாள் மட்டும் என்பது அவர் வாயில் வரவில்லை.

வந்த இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைப் பார்த்தார், பூமாலை என்கிற சேரிப் பெண்ணை எழுப்பி வாய்ப்பாடு சொல்லச் சொன்னார், திருப்தியோடு மோர் குடித்தார். இரண்டாவது வாத்தியாருக்கு உத்தரவு வந்துவிடும் என்று ஜட்காவில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனார். சீனுவாசனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் காலை அவர் வந்தபோது அந்த ஏழு பேரும் உள்ளே, அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் சின்னதுரை நின்றார். பக்கத்தில் அவருடைய பண்ணையாள் சாணித்தண்ணீர் வாளியோடு காத்திருந்தான்.

"இன்னா பேஜாரு இது, வாத்தியாரே? இதுங்க இன்னொரு நாளு உள்ள குந்துச்சின்னா எங்க புள்ளைங்க ஒண்ணுகூட வராது. கொட்டாயவும் காலி பண்ணிடுங்க."

ஊர்ப் பிள்ளைகள் போனால் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லையென்றால் ஜெயம் இல்லை. சீனுவாசன் வாசலுக்கும் பலகைக்குமாக நடந்தார். கடைசியில் யார் முகத்தையும் பார்க்காமல், பூமாலையை எழுந்து மரத்தடிக்குப் போகச் சொன்னார்.

"நேத்து இங்கதான குந்த சொன்னீங்க?" என்றாள் அவள். எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

அது நேற்று என்றார் அவர். சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏழு பேரும் சிலேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலண்டை போய்ப் பாடத்தை ஆரம்பித்தார். மரத்தடியில் ஆள் இல்லை. அடுத்த நாளும் இல்லை. உத்தரவு வந்த நாளிலும் இல்லை. வருகை எடுக்கும்போது அந்த ஏழு பேரையும் அவர் கூப்பிடாமல் தாண்டிப் போனார்.

ஜெயம் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். எத்தனை நாள் ஏங்கிய நாள் அது, ஆனால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும், என் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் யார் யார் என்று அவள் ஆசையாகக் கேட்டாள். அவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கிவைத்தாள்.

"அவங்கள காட்டித்தான எனக்கு வேலை வாங்குனீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். இவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடினார். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் போயிராத பாதை அது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

பூமாலையின் அம்மா அஞ்சம்மாள் குடிசைக்கு முன்னால் நின்று மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சின்னதுரையின் காட்டுக்கு வேலைக்குப் போகிற நேரம். ஜெயம், தான் புதிதாக வந்திருக்கும் டீச்சர் என்றும், பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். அஞ்சம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, அவளைத் தாண்டி வாத்தியாரைப் பார்த்தாள்.

"ஜன்னல்ல பாத்தா போர்டு பாதிதாங்க தெரியுமாம். அன்னிக்கு முழுசா தெரிஞ்சிச்சின்னு வந்து ராவெல்லாம் சொல்லிக்கினே கெடந்துச்சி. மறுநாளு வந்து மூஞ்சிய மூடிக்கினு படுத்துக்கிச்சி. அனுப்புறேங்க, எனக்கும் ஆசைதான். உள்ளவா, வெளியவா? அத நீங்க சொல்லுங்கய்யா."

ஜெயமும் திரும்பி அவரைத்தான் பார்த்தாள். பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். அஞ்சம்மாள் பாதிப் பின்னலைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். தலையைத் திருப்ப முடியாத பூமாலை, கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டி, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.